ஆர்கூன் பனையை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி: வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எகிப்தின் தென்பகுதியிலும் சூடானின் வடபகுதியிலும் பரவியிருக்கும் நூபியப் பாலைவனத்தில் மட்டுமே இயற்கையாக வளரும் ஆர்கூன் பனையை, தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்தை அடுத்த என் வீட்டுத் தோட்டத்தில் 2021-ஆம் ஆண்டு முதல் வளர்த்து வருகிறேன். 12 விதைகளில் தொடங்கிய எனக்கு இன்று எஞ்சியிருப்பவை இரண்டு கன்றுகள். இழந்த பத்தில் ஒன்றை அடையாளம் பார்ப்பதற்காக நானே வெட்டினேன். நான்கு முளைக்கவே இல்லை. மீதி ஐந்தும் நன்றாக முளைத்த பிறகு, முன்பே அறிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களால் மடிந்தன. அந்த ஐந்தும் உங்கள் தோட்டத்தில் மடியக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்கூன் நம் பனைமரத்தின் நெருங்கிய உறவு. பனங்கொட்டையைப் புதைத்துக் கிழங்கு எடுத்த அனுபவம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், இந்த வேலையில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரியும். பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் மேலே எதுவும் வருவதில்லை. கொட்டையிலிருந்து ஒரு தடித்த முளை மண்ணுக்குள் நேராகக் கீழே இறங்கி, அதன் அடியில்தான் வேரும் குருத்தும் உருவாகின்றன. ஆர்கூனும் அப்படியே. இதை இக்கட்டுரையில் இறங்குமுளை என்று குறிப்பிடுகிறேன். முதல் ஓராண்டு நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த முளை தடையின்றி ஆழத்துக்குச் செல்வதற்காகச் செய்யும் வேலைதான்.

1. உங்கள் இடம் ஏற்றதா என்று முதலில் பாருங்கள்

பாலைவனத்து மரம் என்றவுடன் தண்ணீரே வேண்டாத மரம் என்று எண்ணிவிடுகிறோம்; இது முதல் பிழை. ஆர்கூன் தன் சொந்த மண்ணில் வறண்ட ஓடைப்படுகைகளிலும் சோலைகளிலும், அதாவது மேலே மழையே இல்லாவிட்டாலும் நிலத்தடி நீர் எட்டும் தொலைவில் இருக்கும் இடங்களிலேயே நிற்கிறது. வேருக்கு ஈரம் வேண்டும். குருத்திலும் தண்டின் கழுத்திலும் ஈரம் தங்கவே கூடாது. நாள் முழுதும் நேர் வெயில் வேண்டும். இந்த மூன்றையும் உங்கள் இடம் தருமா என்பதே கேள்வி.

தேரி மணலோ செம்மணலோ உள்ள தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மண்ணைப் பற்றிக் கவலையில்லை. கரிசல் மண்ணில் நேரடியாக நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் மண் அது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கனமழைக் கரையோரங்களில் இருப்பவர்கள் மேடு அமைத்தே நட வேண்டும். உதகை, கொடைக்கானல், ஏற்காடு போன்ற குளிர்ந்த மலைகளில் இருப்பவர்கள் இம்முயற்சியில் பணத்தைச் செலவிட வேண்டாம்.

வளர்ந்த மரம் ஏறத்தாழ பத்து மீட்டர் உயரம் போகும். மட்டையின் ஓரங்களில் கருக்கு உண்டு. நடைபாதை, வாகனம் நிறுத்துமிடம், குழந்தைகள் ஓடும் இடம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது மூன்று மீட்டராவது தள்ளி இடம் ஒதுக்குங்கள். மாடியில் தொட்டியில் வைத்தே கடைசிவரை வளர்த்துவிடலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த மரம் ஏற்றதல்ல.

2. விதைக்கு முன் ஆவணங்கள்

என் முதல் இழப்பு விதையே கைக்கு வராமல் நேர்ந்தது. 2019-இல் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையம் வழியாகப் பணம் செலுத்தி வாங்கிய விதைப்பொட்டலம், உரிய அனுமதி இல்லாததால் இந்தியாவுக்குள் நுழையும் இடத்திலேயே நிறுத்தி அழிக்கப்பட்டது. விற்பனையாளர் ஆவணங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. வெளிநாட்டு விதையோடு நம் தென்னைக்கும் பனைக்கும் ஒரு புதிய நோய் வந்து சேர்ந்தால் அதன் விலையை ஒரு தோட்டக்காரரால் கொடுத்துத் தீர்க்க முடியாது.

விதைப்பதற்கான விதையை இந்தியாவுக்குள் கொண்டுவருவதை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக்காப்பு ஆணை ஒழுங்குபடுத்துகிறது. அதன்படி இரண்டு ஆவணங்கள் கட்டாயம். முதலாவது, விதை புறப்படும் முன்பே நீங்கள் நம் அரசிடம் பெற வேண்டிய இறக்குமதி அனுமதி. இரண்டாவது, ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசுத் துறை, விதையைப் பரிசோதித்து வழங்கும் தாவர நலச் சான்றிதழ். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. விற்பனையாளர்கள் பலர் "சான்றிதழுடன் அனுப்புகிறோம்" என்று எழுதுவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே. முதலாவது உங்கள் பொறுப்பு.

இந்த வரிசையில் செல்லுங்கள்.

முதலில், ஆணையின் அட்டவணைகளில் உங்கள் தாவரத்தின் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான்காம் அட்டவணை தடைசெய்யப்பட்டவற்றுக்கு. ஐந்தாவது குறிப்பிட்ட நிறுவனங்கள் மட்டுமே கொண்டுவரக்கூடியவற்றுக்கு. ஆறாவது, குறிப்பிட்ட பூச்சி நோய்கள் இல்லை என்பது போன்ற கூடுதல் உறுதிமொழிகளுடன் அனுமதிக்கப்படுபவற்றுக்கு. தாவரத்தின் பெயரோடு அது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதும் அட்டவணையில் பொருந்த வேண்டும். எந்த அட்டவணையிலும் இல்லாத தாவரத்துக்கு, அதனோடு வரக்கூடிய பூச்சி நோய்களை ஆராயும் அபாய மதிப்பீடு முடிந்த பிறகே அனுமதி கிடைக்கும். பத்து விதை வாங்க விரும்பும் ஒருவர் தாங்கக்கூடிய காத்திருப்பு அல்ல அது என்பது என் கருத்து. அபூர்வத் தாவரங்களை விரும்புகிறவர்கள் இந்த ஒரு படியைத் தாண்டிச் சென்று பணம் கட்டிவிடுவதால்தான் ஏமாறுகிறார்கள்.

ஆறாம் அட்டவணையில் பெயர் இருந்தால் மட்டுமே அடுத்த படி. தாவரத் தனிமைக்காப்புத் துறையின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கும்போது தாவரத்தின் முழு அறிவியல் பெயர், அளவு, விதை விளைந்த நாடு, ஏற்றுமதி செய்யும் நாடு, அனுப்புநரின் பெயரும் முகவரியும், இந்தியாவில் வந்து சேரும் துறைமுகம் அல்லது விமான நிலையம், நோக்கம் ஆகியவற்றைப் பிழையின்றித் தர வேண்டும். ஆர்கூனின் அறிவியல் பெயர் மெடேமியா ஆர்கூன். "பாலைவனப் பனை" என்றோ "அலங்காரப் பனை" என்றோ மட்டும் எழுதினால் பயனில்லை. விளைந்த நாடும் அனுப்பும் நாடும் வேறாக இருக்கலாம் என்பதால், ஐரோப்பிய விற்பனையாளரிடம் வாங்கினாலும் காய் எங்கே பறிக்கப்பட்டது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அருகிலிருப்பது சென்னை மீனம்பாக்கத்தில் உள்ள மண்டலத் தாவரத் தனிமைக்காப்பு நிலையம்.

அனுமதி ஆறு மாதங்களுக்குச் செல்லும். அதை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஆகவே விதை எந்த மாதத்தில் கிடைக்கும் என்று விற்பனையாளரிடம் உறுதிசெய்த பிறகே விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைத்ததும் அதன் படியை விற்பனையாளருக்கு அனுப்புங்கள்; அதில் கேட்கப்பட்டிருக்கும் உறுதிமொழிகள் அவர் பெறும் தாவர நலச் சான்றிதழில் அப்படியே இடம்பெற வேண்டும். சான்றிதழை வாங்கிவிட்டுப் பிறகு அனுமதிக்கு விண்ணப்பித்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். விதையோடு ஒரு சிட்டிகை மண்ணும் வரக் கூடாது. சதை நீக்கிக் கழுவி உலர்த்திய விதையாக அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள்.

வன உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் ஆர்கூன் இல்லை. அந்தத் தனி அனுமதி தேவைப்படாது. தேவை என்று சொல்லிக் கட்டணம் கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

இவ்வளவும் படித்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி வேறு. முறைப்படி இறக்குமதி செய்து வைத்திருக்கும் ஒரு நாற்றுப்பண்ணையிடமோ சேகரிப்பாளரிடமோ உள்நாட்டிலேயே வாங்குங்கள். நான் இரண்டாம் முறை அப்படித்தான் வாங்கினேன். விலை கூடுதல்தான், ஆனால் இறக்குமதி அனுமதியின் படியையும், பரிசோதனைக்குப் பின் சரக்கு விடுவிக்கப்பட்ட ஆணையின் படியையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே பணம் கொடுத்தேன். இதைக் கேட்டால் வருத்தப்படும் விற்பனையாளரை விட்டு விலகிவிடுங்கள்.

3. வந்திருப்பது ஆர்கூன்தானா?

ஆர்கூனுக்கு டூம் பனை என்ற உறவு ஒன்று உண்டு. எகிப்திலும் சூடானிலும் அது பரவலாக வளர்வதால் அதன் விதை மலிவு. ஆர்கூன் என்ற பெயரில் டூம் விதையை அனுப்பிவிடுவது இந்த வணிகத்தில் நடக்கிறது. வேறுபாட்டை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

டூம் விதை பெரியது, கோணல்மாணலானது. ஆர்கூன் விதை அதைவிடச் சிறியது, ஒழுங்கான முட்டை வடிவம் கொண்டது. ஐயம் தீரவில்லையென்றால் ஒரு விதையைத் தியாகம் செய்து குறுக்கே வெட்டுங்கள். கொட்டைப்பாக்கை வெட்டினால் வெண்மைக்குள் பழுப்புக் கோடுகள் ஓடுமல்லவா? ஆர்கூனின் உள்ளேயும் அப்படிக் கோடுகள் ஓடும். டூமின் உள்ளே கோடுகள் இன்றி ஒரே சீரான வெண்மையும் நடுவில் ஒரு குழியும் இருக்கும். ஒரு விதை போய்விட்டதே என்று வருந்தினேன். ஆனால் ஐந்தாண்டு வளர்த்த பிறகு டூம் என்று தெரிந்தால் வரும் வருத்தம் அதைவிடப் பெரியது.

வெட்டிய விதையில் மற்றொன்றையும் பாருங்கள். உள்ளீடு கெட்டியாக, வெண்மையாக இருக்க வேண்டும். சுருங்கி ஓட்டிலிருந்து விலகி, புளித்த வாடை அடித்தால் அந்தக் கட்டே பழையது. சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போருக்குப் பிறகு, அங்கிருந்து புதுக்காய் தொடர்ந்து வரும் என்று நம்பித் திட்டமிட வேண்டாம்; "புதிய விதை" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, எந்த மாதம் எந்த ஆண்டு பறித்தது என்று கேளுங்கள்.

4. விதைக்கும் காலம்

மாசி மாதம், அதாவது பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதிக்குள் விதையுங்கள். ஆர்கூன் முளைக்க 30 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது. குளிர்நாடுகளில் இதற்காகச் சூடேற்றும் பலகை வாங்குகிறார்கள். நமக்குப் பங்குனி வெயில் போதும். மாசியில் விதைத்தால் ஐப்பசி மழை வருவதற்குள் ஏழெட்டு மாதங்கள் கிடைக்கும். அந்த இடைவெளியில் முளை ஆழத்துக்குச் சென்று வேர்பிடித்துவிட்டால் மழைக்காலத்தைத் தாங்கும் வாய்ப்பு அதிகம். ஆடியில் விதை கைக்கு வந்தால் அவசரப்பட்டு விதைக்காதீர்கள். காற்றுப்புகாத பெட்டியில், சற்றே ஈரமான நார்த்தூளில், வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைத்து மாசிவரை காத்திருப்பது நல்லது. இடையில் முளைத்துவிட்டால் மட்டும் குழாய்க்கு மாற்றுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. ஆவணி, புரட்டாசியில் கிடைக்கும் பனங்கொட்டை இரண்டை, அடுத்த பகுதியில் சொல்லும் குழாயில் இட்டு வையுங்கள். தை பிறக்கும்போது குழாயைப் பிரித்துப் பாருங்கள். கிழங்கு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எங்கே முட்டி வளைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர் ஆர்கூனைப் பூந்தொட்டியில் விதைக்க மாட்டார். இன்னும் நெருக்கமான பயிற்சி வேண்டுமென்றால், குஜராத் கரையிலும் டையூவிலும் வளரும் இந்திய டூம் பனை இருக்கிறது. ஹோக்கா என்ற பெயரில் டையூவில் அதன் பழத்தை விற்கிறார்கள். அதற்கு எந்த இறக்குமதி ஆவணமும் தேவையில்லை. மரத்தில் ஏறிப் பறிக்காமல், விற்பவரிடம் வாங்குங்கள்.

5. குழாயை முதலில் தயார் செய்யுங்கள்

விதையை ஊறவைக்கும் முன்பே குழாய்கள் தயாராக இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியதால் நான் ஒரு கன்றை இழந்தேன்: பையில் முளைத்துவிட்ட விதைக்குக் குழாய் இல்லாமல் பத்து நாள் தள்ளிப்போட்டதில், இறங்குமுளை பையின் அடியில் முட்டிச் சுருண்டுவிட்டது. சுருண்டதை நிமிர்த்த வழியில்லை.

வீட்டுக் கழிவுநீருக்குப் பயன்படுத்தும் நான்கு அங்குல பிவிசி குழாய் போதும். மூன்று மீட்டர் நீளக் குழாயை 60 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்தால் ஐந்து கிடைக்கும். ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இருபுறமும் அறுத்து இரண்டு பாதிகளாக்கி, மீண்டும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் மூன்று இடங்களில் இறுக்குங்கள். பின்னாளில் நிலத்தில் நடும்போது கம்பியை வெட்டிப் பாதிகளை விலக்கினால் வேர் அசையாமல் மண்ணோடு கன்று வெளிவரும். இந்த அறுப்பைச் செய்யாமல் முழுக் குழாயில் வளர்ப்பவர் இரண்டாண்டு கழித்துக் கன்றை உருவி எடுக்கத்தான் வேண்டியிருக்கும். பனை இனத்தில் அப்படி உருவிய கன்று பிழைப்பது அரிது. அடிப்பக்கத்தில் கொசுவலையை இரண்டு மடிப்பாக வைத்துக் கட்டுங்கள்.

உள்ளே நிரப்பும் கலவையில் நான்கில் மூன்று பங்கு கரடுமுரடான மணல், ஒரு பங்கு கழுவிய தேங்காய் நார்த்தூள். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பலரும் எம்சாண்ட் பயன்படுத்துகிறார்கள். அதில் இருக்கும் மாவு போன்ற தூள் ஈரம் பட்டதும் இறுகிவிடும். நீர் தெளியும்வரை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். கடல் மணல் வேண்டாம். நார்த்தூளிலும் உப்பு உண்டு. மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து எடுங்கள். சாணம், மண்புழு உரம் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். முதல் சில மாதங்களுக்குத் தேவையான உணவு முழுவதும் விதைக்குள்ளேயே இருக்கிறது. முளைத்த பனங்கொட்டையைப் பிளந்தால் பூரான் என்றும் தவுன் என்றும் சொல்லும் மெதுமெதுப்பான சதை இருக்கிறதே, அது கொட்டையின் உணவை உறிஞ்சி முளைக்கு அனுப்பும் உறுப்பு. ஆர்கூனிலும் அதே ஏற்பாடுதான்.

6. ஊறவைத்தலும் முளைக்கவைத்தலும்

விதையை மூன்று நாள் சாதாரண நீரில் ஊறவையுங்கள். நாள்தோறும் நீரை மாற்றுங்கள். மிதக்கும் விதையெல்லாம் செத்தது என்று தூக்கி எறியாதீர்கள். என்னிடம் மிதந்த மூன்றில் இரண்டு முளைத்தன. ஓட்டை அரத்தால் தேய்ப்பது, சுத்தியலால் கீறுவது, அமிலத்தில் நனைப்பது எதுவும் வேண்டாம்.

ஊறிய விதையைத் துடைத்து, ஈரமான நார்த்தூள் நிரப்பிய, மூடிப் பூட்டும் நெகிழிப்பையில் இடுங்கள். ஈரத்தின் அளவே இங்கே எல்லாமும். நார்த்தூளைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு சொட்டும் வரக் கூடாது. ஆனால் கையில் குளிர்ச்சி தெரிய வேண்டும். பூஞ்சையைத் தடுக்க, வேளாண் விரிவாக்க மையங்களில் கிடைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி ஒரு தேக்கரண்டியை ஒரு கிலோ நார்த்தூளில் கலந்துகொள்கிறேன். பையை நேர் வெயிலில் வைத்தால் விதை வெந்துவிடும். தகரக் கூரையின் அடியிலோ மாடிப்படியின் நிழலிலோ, சூடு தங்கும் இடத்தில் வையுங்கள்.

எனக்கு முதல் விதை 23-ஆம் நாள் முளைவிட்டது. கடைசி விதை ஐந்தாம் மாதம். ஆகவே இரண்டு மாதத்தில் முளைக்காததைக் குப்பையில் போடாதீர்கள். அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கி நாற்றம் அடிப்பதை மட்டும் அகற்றுங்கள். முதல் இரண்டு வாரம் கழித்து மூன்று நாளுக்கொரு முறை பையைத் திறக்காமலே, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

சொந்த நிலமும் வேலியும் உள்ளவர்கள் பையைத் தவிர்த்து, நிரந்தர இடத்திலேயே நேரடியாக விதைக்கலாம். மரத்துக்கு அதுதான் மிகச் சிறந்தது; முளை ஒருமுறையும் இடம் மாறுவதில்லை. ஆனால் எலி, அணில், கரையான், எங்கள் பக்கத்தில் மயில், சில ஊர்களில் கிழங்குக்காகவே நிலத்தைக் கிளறும் காட்டுப்பன்றி ஆகிய அனைத்திடமிருந்தும் கம்பிவலைக் கூண்டால் காக்க வேண்டும். ஒரு விதைக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கியவருக்கு அந்தத் துணிவு வருவது கடினம் என்பதால்தான் குழாய் முறையை விரிவாகச் சொல்கிறேன்.

7. குழாய்க்கு மாற்றுதல்

இறங்குமுளை ஒரு சென்டிமீட்டர் நீண்டதுமே மாற்றிவிடுங்கள். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் முனை ஒடியும் அபாயம் கூடுகிறது. என்னிடம் ஒன்று அப்படித்தான் விரல் பட்டு ஒடிந்தது. முனை ஒடிந்த முளையிலிருந்து கன்று வராது.

குழாயின் நடுவில் பென்சிலால் ஒரு துளையிட்டு, முளை செங்குத்தாகக் கீழ்நோக்கி இறங்குமாறு விதையை வைத்து, விதையின் மேல் இரண்டு சென்டிமீட்டர் மணல் மூடுங்கள். ஒருமுறை அடிவழியே நீர் வழியும்வரை ஊற்றுங்கள். பிறகு குழாயின் மேற்பகுதி நான்கு விரற்கடை காய்ந்த பிறகே அடுத்த நீர். கோடையில் எனக்கு இது நான்கைந்து நாளுக்கொரு முறையாக அமைந்தது. தினம் ஒரு குவளை தெளிப்பதைவிட, சில நாள் இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுவதே வேரைக் கீழே அழைத்துச் செல்லும்.

இனி வரும் ஆறு முதல் பத்து வாரம் பொறுமையைச் சோதிப்பவை. மேலே ஒன்றும் தெரியாது. தோண்டிப் பார்க்காதீர்கள், விதையை இழுத்துப் பார்க்காதீர்கள். முதல் இலை கூர்மையான ஈட்டி போல வரும். விரிந்தால் புல்லை ஒத்த ஒற்றை இலை. விசிறி இலை வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பனை வடலியைப் பார்த்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இராது. இலை வந்த பின்பும் விதை கன்றோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அது தேவையற்றது என்று வெட்டி எடுத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. கன்றின் உணவுப் பை அதுதான், தானாக உதிரட்டும்.

முதல் இலை வந்ததிலிருந்து நேர் வெயில் கொடுங்கள். நிழல்வலைக்குள் வளர்ந்த கன்று நீண்டு மெலிந்து, பிறகு வெயிலுக்கு வந்ததும் கருகுகிறது.

8. முதல் வடகிழக்குப் பருவமழை

எங்கள் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர்தான். அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மழையே அறியாத ஓரிடத்திலிருந்து வந்த கன்றுக்கு இந்த மூன்று மாதங்களே கண்டம். 2021 நவம்பரின் தொடர்மழையில் வெளியே விட்டிருந்த ஒரு குழாயில் குருத்துக்குள் நீர் தேங்கி, இலையைப் பற்றியதும் குருத்து கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் நலமாகவே இருந்தது; பயனில்லை.

புரட்டாசி முடிவதற்குள் குழாய்களைக் கூரை நீண்ட தாழ்வாரத்துக்கோ ஒளி ஊடுருவும் தகட்டின் அடிக்கோ மாற்றுங்கள். பக்கவாட்டில் காற்று தடையின்றி ஓட வேண்டும். தார்ப்பாயால் மூடிக் கட்டினால் உள்ளே புழுங்கி அதே அழுகல்தான் வரும். இந்த மாதங்களில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கொரு முறை நீர் போதும், அதையும் குழாயின் ஓரமாக ஊற்றுங்கள். இரண்டாம் ஆண்டு மழைக்கும் இதையே செய்யுங்கள்.

9. செலவு

நான் செலவழித்ததை அப்படியே தருகிறேன். அழிக்கப்பட்ட முதல் பொட்டலத்துக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய். உள்நாட்டில் வாங்கிய 12 விதைகளுக்கு, விதை 350 ரூபாய் வீதம் 4,200. குழாய் 900, அதை அறுத்துத் தர 200, மணலும் நார்த்தூளும் 350, டிரைக்கோடெர்மா 120, மழைக்காலத் தகட்டுக் கூரைக்கு 2,600. முதல் பொட்டலத்தைக் கழித்தால் 8,370 ரூபாய். இதில் கூரைச் செலவைத் தேவையற்றதென்று முதல் ஆண்டு தள்ளிப்போட்டேன். கன்று அழுகிய பிறகுதான் போட்டேன். நீங்கள் அதை முதல் செலவாக வைத்துக்கொள்ளுங்கள்.

10. நிலத்தில் நடுதல்

இரண்டு ஆண்டுகள் குழாயில் வளர்ந்த கன்றுகளை 2023 பிப்ரவரியில் நட்டேன். நான்கு கன்றுகளில் இரண்டை அரை மீட்டர் உயர மேட்டிலும், இரண்டைச் சமதரையிலும் வைத்தேன். எங்கள் மண் மணற்பாங்கானது, மேடு வேண்டியதில்லை என்று கருதியே சமதரையில் வைத்தேன். அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழை வந்தது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. என் தோட்டத்தில் நான்கு நாள் நீர் நின்றது. சமதரையில் இருந்த இரண்டும் ஒரு மாதத்துக்குள் போயின. மேட்டில் இருந்த இரண்டும் ஓர் இலையும் இழக்கவில்லை. அப்படி ஒரு மழை நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று யாராவது சொன்னாலும் மேட்டை அமையுங்கள்.

மேட்டின் அடியகலம் இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. குறுகிய மேடு கோடையில் காய்ந்து விரியும். நடுவில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, அடியில் கெட்டித் தட்டு இருந்தால் கடப்பாரையால் உடைத்து, மணல் கலந்த அதே மண்ணால் நிரப்புங்கள். குழாயைக் குழிக்குள் இறக்கிய பிறகே கம்பிகளை வெட்டி, பக்கத்தில் மண்ணைச் சேர்த்துக்கொண்டே பாதிகளை மெல்ல மேல்நோக்கி உருவுங்கள். கன்றின் கழுத்து குழாயில் இருந்த அதே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு விரல் ஆழமாகப் புதைத்தாலும் குருத்தில் மண்ணும் நீரும் சேரும். நடும் நாளிலும் பின் வரும் கோடை முழுதும் வாரம் ஒருமுறை இருபது லிட்டர் ஊற்றினேன். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாக ஊற்ற வேண்டும். சொட்டுநீர்க் குழாயைக் கழுத்தில் வைக்காதீர்கள்.

தென்னந்தோப்பு அருகில் இருந்தால் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் இதையும் தேடி வரும். தென்னங்கன்றுக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறேன்: வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து மட்டை இடுக்குகளில் இடுவது. எருக்குழியைக் கன்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். காண்டாமிருக வண்டின் புழு வளர்வது அங்கேதான்.

மூன்றாம் ஆண்டு முதல் இலையில் வெளிர் சாம்பல் பூச்சு தெரியத் தொடங்கும், மட்டை மஞ்சளாகும், கருக்கு கறுத்துக் கூர்மையாகும். அதன் பிறகு களையெடுக்க முழங்கை வரை உறை அணிந்தே போகிறேன்.

கடைசியாக ஒன்று, எண்ணிக்கையைப் பற்றி. பனையைப் போலவே ஆர்கூனிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை எது எதுவென்று சொல்ல முடியாது. காய் காண வேண்டும் என்ற ஆசை இருந்தால் குறைந்தது நான்கைந்து கன்றுகளாவது நிலத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு விதை போதாது. இடம் குறைவாக உள்ளவர்கள் அதே ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரே ஆவணத்தில் விதை வாங்கி, ஆளுக்கு இரண்டு கன்றாக வளருங்கள். விதை வாங்கிய நாள், பறித்த இடம், அனுமதியின் எண் ஆகியவற்றை ஒவ்வொருவரும் எழுதிவைத்திருக்க வேண்டும். நானும் வரும் மாசியில் மேலும் பதினைந்து விதைகள் இடுவதற்காக, இன்னும் இரண்டு குழாய்களை வாங்கி அறுத்து வைத்திருக்கிறேன்.